நோயாளிக்கு நியாயம் வேண்டும்

1992-ம் வருஷம் ஜூலை மாதம் 8-ந் தேதி இரவு, மேற்கு வங்காளத்து மதுராபூர் ஸ்டேஷனில், விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் அங்கத்தினர் ஒருவர் ரயிலிலிருந்து விழுந்து தலையில் பலத்த காயமடைந்தார். முதலில் பக்கத்திலிருந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும், அதன்பின் கல்கத்தா நகரத்துப் பெரிய சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்கும் ஒன்றன்பின் ஒன்றாக அவரைக் கொண்டுபோனார்கள். ஓரிடத்தில் சிகிச்சைக்கு வேண்டிய வசதி இல்லை. மற்றோரிடத்தில் படுக்கை காலியில்லை. ஏழை ஜனங்களின் வரிப்பணத்தில் நடைபெறும் ஆஸ்பத்திரிகள் அத்தனையும் கைவிரித்த பிறகு, அவர் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்து, சுமார் 17,000 ரூபாய் செலவு செய்து உயிர் பிழைத்தார். அவரும் அவருடைய சங்கமும் சுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்றார்கள். அவசர நிலையில் வந்தவனுக்குச் சர்க்கார் ஆஸ்பத்திரி சிகிச்சை மறுப்பது அரசியல் சட்டத்தின் 21-வது ஷரத்து அளித்துள்ள உயிர் வாழும் உரிமையை மீறுவதாகும் என்று 1996-ம் வருஷம் மே மாதம் தீர்ப்பாயிற்று. 25,000 ரூபாய் நஷ்டஈடும் கிடைத்தது.

அந்தத் தீர்ப்பு நம் நாட்டு நியாய பரிபாலனத்துக்குப் பெருமை தருவது. ஆனால், அதை வாசிக்கும்போது நம் மனத்தில் ஒரு கேள்வி எழுகிறது. அந்த மனிதருக்குப் பின்னால் ஒரு சங்கம் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ‘இடமில்லை’ என்று சொன்ன ஒவ்வோர் ஆஸ்பத்திரியும், ஏன் இல்லை, எந்த வைத்தியர் பார்த்தார், எத்தனை மணிக்குப் பார்த்தார், எங்கே போகச் சொன்னார் என்று எழுத்து மூலம் பதில் சொல்ல வேண்டும் என விதிக்கும் சட்டம் அன்று இருந்ததா? இல்லை. இன்றாவது ஒவ்வொரு நோயாளியும் அப்படிப்பட்ட பதிலை உரிமையாகக் கேட்டுப் பெறக்கூடிய நிலை தேசத்தில் ஏற்பட்டிருக்கிறதா? இல்லை என்றே வருத்தத்துடன் சொல்ல வேண்டியிருக்கிறது. தீர்ப்புகள் உண்டு, சட்டங்கள் உண்டு, சாஸனம் போன்ற அறிக்கைகளும் உண்டு. இல்லாதது ஒன்றே: பதில் சொல்லும் கடமை.

இதை நாம் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. வைத்தியர்களையும் ஆஸ்பத்திரிகளையும் பொறுப்புள்ளவர்களாக்குவது என்றால், நஷ்டஈட்டு வழக்குகளைப் பெருக்குவது என்றோ, டாக்டர்களைச் சிறையில் தள்ளுவது என்றோ பலர் எண்ணிவிடுகிறார்கள். நஷ்டஈடு என்பது எல்லாம் முடிந்த பிறகு வருவது. சிறைத்தண்டனை இறந்தவரைத் திருப்பித் தராது. நோயாளிக்கு முதலில் வேண்டியது உண்மை. தனக்கு என்ன நோய், என்ன சிகிச்சை, அதில் என்ன அபாயம், எவ்வளவு செலவு, தவறு நேர்ந்தால் எப்படி நேர்ந்தது என்று அறியும் உரிமை. அந்த உரிமைக்கு எதிரே நிற்கும் கடமையைச் சட்டத்தில் எழுதி, அதை மீறுவோருக்குத் தண்டனையும் எழுதுவதே நாம் கோருவது.

இப்பொழுது உள்ள பரிகாரங்களை ஒவ்வொன்றாகப் பரிசீலிப்போம்.

முதலில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 1986-ல் இச்சட்டம் பிறந்தபோது வைத்தியத் தொழில் இதற்குள் அடங்குமா என்ற விவாதம் எழுந்தது. இந்திய மருத்துவச் சங்கம் தொடுத்த வழக்கில், 1995-ம் வருஷம் நவம்பர் 13-ந் தேதி சுப்ரீம் கோர்ட் சந்தேகத்தைத் தீர்த்து வைத்தது: கட்டணம் வாங்கிச் செய்யும் சிகிச்சை ‘சேவை’யே, அஜாக்கிரதையால் தீங்கு நேர்ந்தால் நோயாளி நுகர்வோர் மன்றத்தில் கேட்கலாம். 2019-ல் பழைய சட்டம் போய்ப் புதிய சட்டம் வந்தது. முந்தைய மசோதாவில் காணப்பட்ட ‘சுகாதாரம்’ என்ற சொல் ‘சேவை’யின் இலக்கணத்திலிருந்து நீக்கப்பட்டதைக் காட்டி, வைத்தியர்கள் இனி இதற்கு உட்பட்டவர்களல்லர் என்று வாதித்துப் பார்த்தார்கள். பம்பாய் ஹைகோர்ட்டும், 2022-ல் சுப்ரீம் கோர்ட்டும் அவ்வாதத்தை ஏற்கவில்லை.

இவ்விடத்தில் நம் சொந்தத் தொழிலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் நாம் நேர்மை தவறியவராவோம். 2024-ம் வருஷம் மே மாதம் சுப்ரீம் கோர்ட், வக்கீல்கள் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டவர்களல்லர் என்று தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பில், 1995-ம் வருஷத்து வைத்தியர் தீர்ப்பையும் பெரிய பெஞ்சு மறுபடி பார்க்க வேண்டும் என்ற அபிப்பிராயம் வெளியாயிற்று. நல்ல வேளையாக, அந்த மறுபரிசீலனைக்கு அவசியமில்லை என்று மூன்று நீதிபதிகள் கொண்ட பெஞ்சு அவ்வருஷத்திலேயே சொல்லிவிட்டது. வக்கீலுக்கு ஒரு நியாயம், வைத்தியருக்கு ஒரு நியாயமா என்று டாக்டர்கள் நம்மைக் கேட்டால், நம்மிடம் தக்க பதில் இல்லை. கட்சிக்காரனுக்கு வக்கீலும் பதில் சொல்ல வேண்டியவரே. ஆனால், நம் குறையைக் காட்டி இன்னொருவர் தம் குறையை மறைத்துக்கொள்ள முடியாது. இரண்டு தொழிலும் திருந்த வேண்டும் என்பதே அதற்கு விடை.

நுகர்வோர் சட்டத்தின் உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. 1995-ம் வருஷத்துத் தீர்ப்பின்படி, வந்தவர் எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை செய்யும் ஆஸ்பத்திரி இச்சட்டத்தின் எல்லைக்கு வெளியே நிற்கிறது. சிலரிடம் கட்டணம் வாங்கிச் சிலருக்கு இலவசமாகச் செய்யும் இடமானால், அங்கே இலவசச் சிகிச்சை பெற்றவருக்கும் உரிமை உண்டு. ஒருவரிடமும் பணம் வாங்காத இடமானால் உரிமை இல்லை. சட்ட நுணுக்கம் தெரிந்தவர்களுக்கு இதன் காரணம் விளங்கும். விலை கொடுத்தவனே நுகர்வோன். ஆனால், ஜில்லா ஆஸ்பத்திரி வராந்தாவில் பாய் விரித்துப் படுத்திருக்கும் கூலிக்காரனுக்கு இதை எப்படி விளக்குவது? ‘நீ காசு கொடுக்கவில்லை, ஆகையால் உனக்குக் கேட்கும் உரிமை இல்லை’ என்றா? அவன் வாங்கும் தீப்பெட்டியிலும் உடுத்தும் துணியிலும் சர்க்கார் வரி வசூலிக்கிறதே, அது காசு அல்லவா? ஏழையின் உடலும் பணக்காரன் உடலும் ஒரே தன்மையானவை. கத்தி தவறினால் இருவருக்கும் ரத்தம் வரும். உரிமை மட்டும் ரசீதைப் பொறுத்ததாக இருப்பது குடியரசுக்கு அழகன்று.

இரண்டாவது குறை காலதாமதம். எதிர்க்கட்சிக்கு நோட்டீஸ் கிடைத்த 3 மாதத்துக்குள் வழக்கு முடிய வேண்டும் என்று சட்டம் சொல்லுகிறது. நடப்பது என்ன? அமெரிக்காவில் வசித்த இந்திய வைத்தியர் ஒருவர் 1998-ல் தம் மனைவியை இழந்தார். கல்கத்தாவில் நடந்த சிகிச்சையில் நேர்ந்த அஜாக்கிரதையே காரணம் என்று அவர் வழக்காடினார். 2013-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில்தான், சுமார் 5 கோடியே 96 லட்சம் ரூபாயும் வட்டியும் நஷ்டஈடாகக் கொடுக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் முடிவான தீர்ப்பளித்தது. இடையில் ஓடியவை 15 வருஷங்கள். வழக்காடியவரோ தாமே வைத்தியர். மருந்தின் அளவைப் பற்றி நிபுணர்களோடு நேருக்கு நேர் வாதிக்கக் கூடியவர். பொருள் வசதியும் மன உறுதியும் படைத்தவர். அவருக்கே 15 வருஷமென்றால், மானாமதுரையிலோ மணப்பாறையிலோ உள்ள ஒரு விவசாயி என்ன செய்வான்? நிலத்தை விற்று வைத்தியம் பார்த்தவன், மிச்சமுள்ள மாட்டை விற்று வழக்காடுவானா?

மூன்றாவது குறை சாட்சியத்தைப் பற்றியது. சிகிச்சை நடந்த அறையில் நோயாளி மயக்கத்தில் இருந்தார். உறவினர் கதவுக்கு வெளியே நின்றார்கள். நடந்ததற்கு உள்ள ஒரே சாட்சி, ‘கேஸ் ஷீட்’ என்று ஜனங்கள் வழங்கும் சிகிச்சைக் குறிப்பு. அது யாரிடம் இருக்கிறது? எவர் மேல் குற்றம் சாட்டப்படுகிறதோ அவரிடமே இருக்கிறது! கேட்ட 72 மணி நேரத்துக்குள் நோயாளிக்கு அதைத் தர வேண்டும் என்று மருத்துவ கவுன்ஸிலின் 2002-ம் வருஷத்து ஒழுங்கு விதிகள் சொல்லுகின்றன. உள்நோயாளிகளின் குறிப்புகளை 3 வருஷம் வைத்திருக்க வேண்டும் என்றும் சொல்லுகின்றன. மிகவும் நல்ல விதிகள். ஆனால், இவை பதிவு பெற்ற வைத்தியரைக் கட்டுப்படுத்துமேயன்றி, ஆஸ்பத்திரி நடத்தும் கம்பெனியைக் கட்டுப்படுத்தமாட்டா. குறிப்புகள் அடுக்கப்பட்டிருக்கும் அறையின் சாவி கம்பெனியிடம். விதியோ டாக்டர் தலைமீது! ‘மானேஜ்மெண்டைக் கேளுங்கள்’ என்று டாக்டர் கைகாட்டுவார். ‘டாக்டர் கையெழுத்தாக வேண்டும்’ என்று மானேஜ்மெண்டு சொல்லும். 72 மணி நேரம் 72 நாளாகும்.

அடுத்தபடி மருத்துவ கவுன்ஸிலைப் பார்ப்போம். சென்னை மாகாணத்தில் வைத்தியர்களைப் பதிவு செய்யும் சட்டம் 1914-லேயே வந்தது. ஒழுக்கம் தவறிய வைத்தியரின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கும் அதிகாரம் கவுன்ஸிலுக்கு உண்டு. ஒரு தொழிலின் நுட்பத்தை அத்தொழில் அறிந்தவர்களே விசாரிப்பதில் நியாயம் இருக்கிறது. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால், விசாரிப்பவரும் வைத்தியர், விசாரிக்கப்படுபவரும் வைத்தியர் என்றால், மனுச்செய்த பிரஜைக்கு நம்பிக்கை உண்டாவதற்கு வேறு பாதுகாப்புகள் வேண்டாமா? 2002-ம் வருஷத்து விதிகள், ராஜ்ய கவுன்ஸிலின் முடிவில் திருப்தியில்லாத எவரும் டில்லிக்கு அப்பீல் செய்ய இடமளித்தன. அந்தப் பழைய இந்திய மருத்துவக் கவுன்ஸிலைக் கலைத்துத் தேசிய மருத்துவக் கமிஷனை ஏற்படுத்திய 2019-ம் வருஷத்துச் சட்டத்தின் 30-வது பிரிவோ, பாதிக்கப்பட்ட வைத்தியர் அப்பீல் செய்யலாம் என்று மட்டும் எழுதிற்று; பாதிக்கப்பட்ட நோயாளியை மறந்துவிட்டது. இந்தப் பிரிவைக் காட்டி நோயாளிகளின் அப்பீல்கள் திருப்பி அனுப்பப்பட்டன. ஒரு தராசில் ஒரு தட்டை அறுத்துவிட்டு எடை போடுவதற்கு நியாயம் என்று பெயரிட முடியுமா? கமிஷனின் தயவையோ விளக்கத்தையோ நம்பி இராமல், இரு தரப்பாருக்கும் சமமான அப்பீல் உரிமை சட்டத்தின் வாசகத்திலேயே ஐயத்துக்கு இடமின்றி எழுதப்பட வேண்டும்.

இனி ஆஸ்பத்திரிகளைப் பற்றிய சட்டங்கள். நம் தமிழ்நாட்டுச் சட்டசபை, தனியார் மருத்துவ நிலையங்களை ஒழுங்குபடுத்தும் சட்டத்தை 1997-ம் வருஷத்திலேயே இயற்றியது. அந்தச் சட்டத்தை அமுலுக்குக் கொண்டுவருவதற்கு வேண்டிய விதிகள் எப்பொழுது வந்தன? 2018-ல். 21 வருஷங்கள்! அந்தச் சட்டம் பிறந்த வருஷத்தில் பிறந்த குழந்தை வளர்ந்து, வோட்டுரிமை பெற்று, வோட்டும் போட்டுவிடக்கூடிய காலம் வரையில், அது புத்தகத்திலேயே உறங்கியது. இதற்கிடையில் எந்தக் கட்சி ஆண்டது, எந்தக் கட்சி ஆளவில்லை என்று பிரித்துப் பேசுவதில் பயனில்லை. மாறி மாறி ஆண்ட எல்லோருமே இதற்குப் பொறுப்பாளிகள்.

இந்திய சர்க்காரின் 2010-ம் வருஷத்துச் சட்டமும் இப்படியே. அவசர நிலையில் வருபவரின் உயிரை நிலைப்படுத்த வேண்டிய சிகிச்சையை அளித்தாக வேண்டும் என்று அது விதிக்கிறது. அதன்கீழ் 2012-ல் செய்யப்பட்ட விதிகள், கட்டண விகிதத்தை உள்ளூர் மொழியிலும் இங்கிலீஷிலும் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி வைக்க வேண்டும் என்றும், சர்க்கார் ராஜ்யங்களைக் கலந்து நிர்ணயிக்கும் வரம்புக்குள் கட்டணம் வாங்க வேண்டும் என்றும் கூறுகின்றன. ஆனால், சுகாதாரம் ராஜ்யங்களின் அதிகாரத்தில் உள்ள விஷயமாதலால், ஏற்றுக்கொண்ட ராஜ்யங்களிலேதான் இச்சட்டம் செல்லும். தமிழ்நாடு தன் சொந்தச் சட்டத்தோடு நின்றுவிட்டது. ஏற்றுக்கொண்ட இடங்களிலோ கட்டண வரம்பு நிர்ணயிக்கப்படவில்லை. விதி வந்து 12 வருஷம் கழித்து, 2024-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில், இதற்கு ஒரு வழி சொல்லும்படி சுப்ரீம் கோர்ட் இந்திய சர்க்காரைக் கண்டிப்பாகக் கேட்க வேண்டியிருந்தது. நம் தேசத்தில் சுகாதாரத்துக்காகும் மொத்தச் செலவில் 39.4 சத விகிதத்தை ஜனங்கள் தங்கள் கையிலிருந்தே கொடுக்கிறார்கள் என்று 2021-22-ம் வருஷத்துச் சர்க்கார் கணக்கே சொல்லுகிறது. இவ்வளவு பணம் கொடுக்கும் பிரஜைக்கு, எதற்காகக் கொடுக்கிறோம் என்று விவரமாக எழுதிய ஒரு பில் கூடக் கிடைப்பது அரிதாக இருக்கலாமா?

இவையெல்லாவற்றையும் கண்டே, தேசிய மனித உரிமைக் கமிஷன் 2018-ல் நோயாளிகளின் உரிமைச் சாஸனம் ஒன்றைத் தயாரித்தது. அதில் 17 உரிமைகள் உள்ளன. நோயைப் பற்றிய தகவல், சிகிச்சைக் குறிப்புகள், அவசர சிகிச்சை, விளங்கிச் சம்மதித்தல், ரகசியமும் மரியாதையும், வேறொரு வைத்தியரின் அபிப்பிராயம், கட்டணத்தில் ஒளிவின்மை, புகார் சொல்லிப் பரிகாரம் பெறுதல் ஆகியவை அவற்றுள் அடங்கும். பாக்கிப் பணத்துக்காக நோயாளியையோ, இறந்தவரின் சடலத்தையோ நிறுத்தி வைக்கக்கூடாது என்பதும் அதில் உண்டு. 2019-ல் சுகாதார இலாகா இவ்விஷயமாக ராஜ்யங்களுக்குக் கடிதமும் எழுதியது. சாஸனம் மிக உயர்ந்தது. அதை மீறினால் யார் யாரைத் தண்டிப்பது? அதற்கு விடை சாஸனத்தில் இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்ற பழமொழி நம் நாட்டுச் சட்டங்களை நினைத்தே பிறந்ததோ என்று ஐயுற வேண்டியிருக்கிறது.

சில ராஜ்யங்கள் துணிந்து முன்வந்திருக்கின்றன. மேற்கு வங்காளம் 2017-ல் ஒரு சட்டம் செய்து, ஆஸ்பத்திரிகளின் மீதுள்ள புகார்களை விசாரிக்கத் தனிக் கமிஷனை அமைத்தது. அவ்வருஷமே கர்நாடகத்தில் தனியார் ஆஸ்பத்திரிச் சட்டத்தைத் திருத்தும் மசோதா வந்தபோது வைத்தியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மசோதாவின் கடுமை குறைக்கப்பட்ட பிறகே அது நிறைவேறிற்று. ராஜஸ்தான் சட்டசபை 2023-ம் வருஷம் மார்ச் மாதம் 21-ந் தேதி சுகாதார உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. அங்கும் தனியார் ஆஸ்பத்திரிகள் கதவடைத்தன. ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் சர்க்கார் சமாதானம் பேசிப் பல ஆஸ்பத்திரிகளுக்கு விலக்கு அளிக்க இசைந்தது. இச்சம்பவங்களிலிருந்து கற்க வேண்டிய பாடம் யாது? வைத்தியர்களிடம் சங்கம் இருக்கிறது. ஆஸ்பத்திரி முதலாளிகளிடம் பணம் இருக்கிறது. நோயாளிகளிடம் இரண்டும் இல்லை. நோயுற்றவன் குணமானதும் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறான். குணமாகாதவன் பேச இருப்பதில்லை. ஆகையால் நோயாளிகளுக்காகப் பேச வேண்டியவர்கள், இன்று நோயில்லாமல் இருக்கும் நாமே.

வைத்தியர்களின் ஆக்ஷேபணைகளை அலட்சியம் செய்ய நாம் விரும்பவில்லை. அவை மூன்று. சட்டம் கடுமையானால் டாக்டர்கள் பயந்து, தேவையற்ற சோதனைகளை எழுதித் தள்ளுவார்கள். செலவு பெருகும் என்பது ஒன்று. பத்துப் படுக்கையோடு சிற்றூரில் நடக்கும் ஆஸ்பத்திரிகள் மூடிவிடும், பெரிய கம்பெனிகளே மிஞ்சும் என்பது மற்றொன்று. எல்லா முயற்சியும் செய்தும் நோயாளி இறக்கக்கூடும். மரணத்தையெல்லாம் குற்றமாக்குவது அநீதி என்பது மூன்றாவது.

மூன்றாவதை முழு மனத்தோடு ஒப்புக்கொள்ளுகிறோம். சட்டமும் ஒப்புக்கொள்ளுகிறது. அஜாக்கிரதை மிகவும் கொடியதாக இருந்தாலன்றி வைத்தியர் மீது கிரிமினல் வழக்கு நிற்காது என்றும், வேறொரு தகுதிவாய்ந்த வைத்தியரின் நடுநிலை அபிப்பிராயத்தைப் பெறாமல் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்றும் 2005-ல் சுப்ரீம் கோர்ட் விதித்திருக்கிறது. அந்தப் பாதுகாப்பு நீடிக்க வேண்டும். சிறிய ஆஸ்பத்திரிகளைப் பற்றிய ஆக்ஷேபணையில் பாதி உண்மை உண்டு. கட்டிடம், கருவி, ஆள் ஆகியவற்றைப் பற்றிய விதிகள் ஆஸ்பத்திரியின் அளவுக்குத் தக்கபடி இருக்க வேண்டும். ஆனால், உண்மையைச் சொல்வதற்கு எத்தனை படுக்கை வேண்டும்? குறிப்பின் பிரதியைக் கொடுப்பதற்கு என்ன மூலதனம் வேண்டும்? முதல் ஆக்ஷேபணைக்கு நம் பதில் இதுவே: டாக்டர்கள் பயப்படுவது வழக்குக்கு, வழக்கு பிறப்பதோ பெரும்பாலும் மௌனத்திலிருந்து. என்ன நடந்தது என்று உட்கார்ந்து சொல்லியிருந்தால் வீட்டுக்குப் போயிருக்கும் எத்தனையோ குடும்பங்கள், சொல்ல மறுத்ததால் கோர்ட் வாசலுக்கு வந்ததை வக்கீல் தொழிலில் உள்ளவர்கள் அறிவார்கள்.

கோர்ட் வாசலுக்கு வருவது கூடப் பாதகமில்லை. 2024-ம் வருஷம் நவம்பர் மாதம் சென்னை கிண்டியில் உள்ள சர்க்கார் ஆஸ்பத்திரியில், நோயாளி ஒருவரின் மகன் டாக்டரைக் கத்தியால் குத்திய செய்தி நாட்டையே நடுங்கச் செய்தது. அச்செயலுக்கு எவ்விதச் சமாதானமும் கிடையாது. உயிர் காக்கும் கையின் மீது கத்தி வைப்பவன் சமூகத்தின் விரோதி. மருத்துவத் தொழிலாளர்களைப் பலாத்காரத்திலிருந்து காக்கத் தமிழ்நாட்டில் 2008-ம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. அதைத் தயவு தாட்சணியமின்றி அமுல் செய்ய வேண்டும். ஆனால், போலீஸ் காவல் மட்டும் போதாது என்பதை வைத்தியர்களும் யோசிக்க வேண்டும். மனக்குறையைக் கொண்டுபோய்ச் சொல்ல ஓரிடமும், அங்கே பதில் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் ஜனங்களுக்கு ஏற்பட்டால், அது டாக்டருக்கும் காவலே.

இங்கிலாந்தைப் பாருங்கள். ஸ்டாஃபர்ட் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் வருஷக்கணக்கில் கவனிப்பாரின்றி வருந்தியதைப் பற்றி நடந்த பகிரங்க விசாரணையின் அறிக்கை 2013-ம் வருஷம் பிப்ரவரியில் வெளியாயிற்று. 290 சிபார்சுகள் கொண்ட அந்த அறிக்கையின் பயனாக, 2014-ல் அந்நாட்டில் ஒரு புதிய கடமை சட்டமாயிற்று. சிகிச்சையில் குறிப்பிடத்தக்க தீங்கு நேர்ந்தால், நோயாளி கேட்கும் வரையில் காத்திராமல், ஆஸ்பத்திரி தானே முன்வந்து உண்மையைச் சொல்ல வேண்டும். வருத்தம் தெரிவிக்க வேண்டும். எழுத்திலும் கொடுக்க வேண்டும். மன்னிப்புக் கேட்பது மட்டுமே குற்றத்தை ஒப்புக்கொண்டதாகாது என்று அங்கே 2006-ம் வருஷத்துச் சட்டம் ஏற்கனவே சொல்லியிருந்தது. இந்த ஏற்பாட்டால் அந்நாட்டுக் குறைகளெல்லாம் தீர்ந்துவிட்டன என்று நாம் சொல்லவில்லை. ஆனால், மறைப்பது வழக்கமாகவும் சொல்வது விலக்காகவும் இருந்த நிலையைச் சட்டம் தலைகீழாக மாற்றியது. வேண்டாதவற்றையெல்லாம் அங்கிருந்து இரவல் வாங்கிய நாம், இதை ஏன் வாங்கக்கூடாது?

ஆகவே, தமிழ்நாட்டுச் சட்டசபை இயற்ற வேண்டிய சட்டத்தில் பின்வரும் அம்சங்கள் இடம்பெற வேண்டும் என்பது நம் துணிபு.

முதலாவது, நோயாளிகளின் உரிமைச் சாஸனம் சட்டத்தின் அங்கமாக வேண்டும். சர்க்கார் ஆஸ்பத்திரி, தனியார் ஆஸ்பத்திரி என்ற வேற்றுமையோ, பணம் கொடுத்தவர், கொடாதவர் என்ற வேற்றுமையோ அதில் கூடாது.

இரண்டாவது, சிகிச்சைக் குறிப்பின் பிரதியைக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் தரும் கடமை டாக்டரோடு நில்லாமல் ஆஸ்பத்திரி நடத்துபவரையும் சார வேண்டும். குறிப்பு காணாமற்போனாலும், திருத்தப்பட்டிருந்தாலும், உண்மை ஆஸ்பத்திரிக்கு விரோதமானது என்று ஊகிக்க விசாரணை மன்றத்துக்கு அதிகாரம் வேண்டும். சர்க்கார் கச்சேரியில் உள்ள பைலைப் பார்க்கும் உரிமையைத் தகவல் உரிமைச் சட்டம் 2005-லேயே பிரஜைக்குக் கொடுத்துவிட்டது. தன் உடம்பைப் பற்றிய பைலைப் பார்க்கும் உரிமை அதைவிடத் தாழ்ந்ததா?

மூன்றாவது, சம்மதப் பத்திரம் நோயாளிக்குத் தெரிந்த மொழியில் இருக்க வேண்டும். சோதனைக்கு வாங்கிய சம்மதத்தைக் கொண்டு வேறு சத்திர சிகிச்சை செய்யலாகாது என்று 2008-ல் சுப்ரீம் கோர்ட் கூறியது. அதற்குப் பிறகும், மேஜையில் படுக்கப்போகும் வேளையில் இங்கிலீஷ் அச்சுத்தாளை நீட்டிக் கைநாட்டு வாங்குவது சம்மதமன்று. கட்டணமும் தமிழில் எழுதி வாசலில் தொங்க வேண்டும். பில்லில் ஒவ்வோர் இனமும் தனித்தனியாகக் காண வேண்டும்.

நான்காவது, ஜில்லாதோறும் ஒரு விசாரணை மன்றம். நியாய இலாகா அதிகாரி ஒருவர் தலைமையில், ஒரு வைத்தியரும், வைத்தியத் தொழிலில் சேராத ஒரு பிரஜையும் அதில் இருக்கட்டும். காலவரையறை இருக்கட்டும். இரு தரப்பாருக்கும் சமமான அப்பீல் உரிமை இருக்கட்டும். வீண் புகார்களை ஆரம்பத்திலேயே தள்ளவும் அதற்கு அதிகாரம் இருக்கட்டும்.

ஐந்தாவது, தீங்கு நேர்ந்தால் தானே முன்வந்து சொல்லும் கடமை. அப்படிச் சொன்ன வருத்தத்தை வழக்கில் சாட்சியமாக்கக் கூடாது.

ஆறாவது, சர்க்கார் தன்னையும் விட்டுவைக்கக் கூடாது. நூறு நோயாளிகளை ஒரே இரவில் ஓர் இளம் டாக்டர் தலையில் கட்டிவிட்டு, காலையில் அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது எவ்வித நீதி? படுக்கையும் ஆளும் மருந்தும் போதாமையால் நேர்ந்த தீங்குக்கு, அவற்றைக் கொடுக்க வேண்டியவர்களே பதில் சொல்ல வேண்டும். தனியார் ஆஸ்பத்திரி முதலாளிக்கும் இதே நியாயம்.

இவற்றில் எதுவும் நடக்க முடியாததல்ல. எதுவும் நேர்மையான வைத்தியரைப் பயமுறுத்துவதுமல்ல. மருந்தைப் பற்றிய அதிகாரத்தில் வள்ளுவர், வைத்தியத்துக்கு நான்கு அங்கங்கள் சொன்னார்: நோயாளி, வைத்தியன், மருந்து, பக்கத்திருந்து பணிசெய்பவன். அவ்வரிசையில் முதலிடம் நோயாளிக்கு. இன்று அவன் கடைசியில் நிற்கிறான். சில இடங்களில் வரிசையிலேயே இல்லை.

தேசத் தொண்டர்களுக்கு நாம் சொல்வது இதுதான். இவ்விஷயத்தை மந்திரிகளுக்கும் டாக்டர்களுக்கும் இடையே உள்ள வழக்காக விட்டுவிடாதீர்கள். உங்கள் ஊர் ஆஸ்பத்திரி வாசலில் கட்டணப் பட்டியல் தொங்குகிறதா என்று பாருங்கள். அது பதிவு பெற்றதா என்று கேளுங்கள். யாரேனும் சிகிச்சைக் குறிப்பு கிடைக்காமல் அலைந்தால், எழுத்து மூலம் கேட்டு ரசீது வாங்கக் கற்றுக் கொடுங்கள். கிராம சபை கூடும்போது உரிமைச் சாஸனத்தைச் சட்டமாக்கக் கோரித் தீர்மானம் கொண்டுவாருங்கள். தேர்தல் காலத்தில் உங்கள் வாசலுக்கு வரும் அபேட்சகரை, எந்தக் கட்சியினராயினும், இந்தச் சட்டத்துக்குக் கை தூக்குவாரா என்று கேட்டு, பதிலை நாலுபேர் முன்னிலையில் வாங்குங்கள். 1997-ம் வருஷத்துச் சட்டம் 21 வருஷம் உறங்கியது அதை எழுப்புவாரில்லாமையால்தான்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருப்பவனுக்குச் சட்டசபைக்கு நடந்துவரச் சக்தியில்லை. சட்டசபைதான் அவன் கட்டிலண்டை போக வேண்டும். ‘உனக்கு என்ன நேர்ந்தது என்று சொல்ல இவர்கள் கடமைப்பட்டவர்கள்’ என்று அவனுக்குச் சொல்லக்கூடிய சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.